"இருங்கோ அம்மா, நான் செய்யிறன்": திருகோணமலை வீடொன்றில் முதுமையும் உதவியும் – ஒரு நிகழ்வு ஆய்வு

முறிந்த மணிக்கட்டு பொருந்தி மாதங்கள் கடந்த பிறகும் அந்த அம்மா கதிரையை விட்டு எழும்பவில்லை. வயது 78. திருகோணமலை நகரை ஒட்டிய பாலையூற்றுப் பக்கம் மகள் வீட்டில் இருக்கிறார். "அம்மாவுக்கு வயசு போட்டுது, இனி இப்பிடித்தான்" என்றார் மகள். "எனக்கென்ன பிள்ளை, போற காலம்தானே" என்றார் அம்மா. இருவரும் ஒரே முடிவுக்கு வந்துவிட்டதால் வீட்டில் யாருக்கும் அதற்கு மேல் கேட்க ஒன்றும் இருக்கவில்லை. எனக்கு இருந்தது. கை முறிந்த ஒருவருக்கு நடை ஏன் போனது?

ஆளை அடையாளம் காண முடியாதபடி, ஒரே மாதிரியான சில வீடுகளில் கண்டவற்றைச் சேர்த்து ஒரு வீடாக எழுதுகிறேன்.

யார் இவர்

தகப்பன் டொக்யாட்டில் வேலை செய்தவர். 1957இல் பிரித்தானியக் கடற்படை இங்கிருந்து போனபோது அந்த வேலையும் போனது. அப்போது இவர் சின்னப் பிள்ளை. திருமணமாகி, கணவரை இளமையிலேயே இழந்து, இடியப்பம் அவித்துக் கடைகளுக்குப் போட்டு இரண்டு பிள்ளைகளை வளர்த்தார். 1990 ஆனியில் போர் மறுபடி தொடங்கியபோது பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஊரை விட்டுப் போய், தமிழ்நாட்டு முகாமில் சில வருடம் இருந்து திரும்பினார். 2004 சுனாமிக்குப் பிறகு பள்ளிக்கூடங்களில் தங்கியிருந்தவர்களுக்குச் சமைத்துப் போட்டவர்களில் இவரும் ஒருவர். மகள் ஆசிரியை. மகன் கனடாவில்.

இதையெல்லாம் எழுதக் காரணம் இருக்கிறது. முதுமை பற்றிய சமூக ஆய்வில் ரொபர்ட் அட்ச்லி 1989இல் முன்வைத்த தொடர்ச்சிக் கோட்பாடு, வயதாகும்போது மனிதர் புதிதாக ஒருவராக மாறிவிடுவதில்லை, இதுவரை எப்படி வாழ்ந்தாரோ அதையே வேறு வழியில் தொடரப் பார்க்கிறார் என்கிறது. இந்த அம்மா வாழ்நாள் முழுக்க மற்றவர்களுக்குச் செய்து கொடுத்தவர். அவரிடமிருந்து செய்வதை எடுத்துவிட்டால் என்ன மிஞ்சும் என்று யோசித்துப் பார்த்தால்தான் பின்னால் நடந்தது விளங்கும்.

விழுந்தது

கிணத்தடியில் பாசி பிடித்த சீமெந்தில் வழுக்கி விழுந்தார். வலது மணிக்கட்டு முறிந்தது. பிளாஸ்டர் போட்டார்கள். 65 வயது தாண்டியவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் வருடத்துக்கு ஒரு தடவையாவது விழுகிறார் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. ஆகவே இது அபூர்வம் இல்லை.

அன்றிலிருந்து கிணத்தடிக்குப் போகக் கூடாது, குசினிக்குள் வரக் கூடாது, தனியே கேற்றைத் தாண்டக் கூடாது. முதல் சில வாரங்களுக்கு இது சரியான ஏற்பாடுதான். பிறகு பிளாஸ்டரை வெட்டினார்கள். தடைகளை யாரும் எடுக்கவில்லை. மகள் பள்ளிக்கூடம் போகும் நேரத்துக்கு உதவிக்கு ஒரு பெண்ணை வைத்தார்கள். விறாந்தையில் ஒரு பிளாஸ்டிக் கதிரை அம்மாவின் இடமாகிப்போனது.

வயதான உடம்பு சும்மா இருந்தால் எவ்வளவு விரைவில் தளரும் என்பதை நம்மில் பலர் குறைத்தே மதிப்பிடுகிறோம். 2007இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், ஆரோக்கியமான முதியவர்களைப் பத்து நாள் படுக்கையிலேயே இருக்க வைத்தார்கள். அந்தப் பத்து நாளில் கால்களிலிருந்து மட்டும் கிட்டத்தட்ட ஒரு கிலோ தசை போனது. நோயே இல்லாதவர்களுக்கு அந்த நிலை. இங்கே அம்மா மாதக் கணக்கில் கதிரையில் இருந்திருக்கிறார்.

விழுந்துவிடுவோம் என்ற பயம் வேறு. மேரி டினெட்டி என்ற மருத்துவர் 1990இல் இந்தப் பயத்தை அளக்க ஒரு அளவுகோலே தயாரித்தார். பயத்தால் நடமாட்டம் குறையும், நடமாட்டம் குறைந்தால் கால் தளரும், கால் தளர்ந்தால் உண்மையாகவே விழ நேரும். இந்த வீட்டில் அந்தப் பயம் அம்மாவிடம் இருந்ததை விட மகளிடம்தான் கூட இருந்தது. "திரும்ப விழுந்தால் நான் வேலைக்குப் போறதா, ஆஸ்பத்திரியில நிக்கிறதா?" என்று அவர் கேட்டது நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்லாமல் இந்த வீட்டில் எதையும் மாற்ற முடியாது.

முதலில் உடம்பைப் பார்த்தல்

மனதையும் பழக்கத்தையும் பேசுமுன் வைத்தியரிடம் காட்ட வேண்டியதைக் காட்ட வேண்டும். நடத்தை ஆய்வில் ஆர்வம் உள்ளவர்கள் தாண்டிப் போகக் கூடாத படி இது. கிளினிக்கில் இரண்டு விஷயம் தெரிந்தது. ஒன்று, இரு கண்ணிலும் புரை. மற்றது, படுக்கையிலிருந்து எழும்பும்போது பிரஷர் சட்டென்று இறங்குகிறது. எழும்பி மூன்று நிமிடத்துக்குள் பிரஷரின் மேல் அளவு 20 புள்ளியோ அதற்குக் கூடவோ இறங்கினால் அதைக் கவனிக்க வேண்டும் என்பது விதி. "தலை சுத்துது" என்று அம்மா சொன்னது சாட்டு இல்லை. வைத்தியர் மாத்திரையையும் நேரத்தையும் மாற்றினார். கட்டில் விளிம்பில் கொஞ்ச நேரம் இருந்து காலை அசைத்துவிட்டு எழும்பச் சொன்னார்.

நடையைப் பார்க்க எளிமையான சோதனை ஒன்று உண்டு. கதிரையிலிருந்து எழும்பி, மூன்று மீற்றர் நடந்து, திரும்பி வந்து இருக்க வேண்டும். 12 விநாடிக்கு மேல் போனால் விழும் ஆபத்து அதிகம் என்று எடுத்துக்கொள்வார்கள். அம்மாவுக்கு அதை விட நன்றாகக் கூடவே எடுத்தது. ஆனால் கவனித்தால், நேரம் போனது நடையில் இல்லை, எழும்புவதில். கைப்பிடி வளையும் அந்தத் தாழ்ந்த பிளாஸ்டிக் கதிரையில் ஊன்றி எழும்ப இடமே இல்லை.

மறதி இருக்குமோ என்று மகள் பயந்திருந்தார். இல்லை. எந்தக் கடைக்காரர் எந்த வருடத்து இடியப்பக் காசு இன்னும் தரவில்லை என்று அம்மா வரிசையாகச் சொன்னார். மனச்சோர்வு இருந்தது. விருப்பமானவற்றில் விருப்பம் குறைந்திருந்தது, நித்திரை குறைந்திருந்தது, "நான் ஆருக்கும் உதவாத ஆள்" என்ற பேச்சு அடிக்கடி வந்தது. அதையும் வைத்தியரிடம் சொன்னோம்.

பார்த்தவை

இதற்குப் பிறகு, காலை நேரங்களில் விறாந்தையில் இருந்து பார்த்தேன். குறித்துக்கொண்ட விதம் எளிமையானது: அம்மா என்ன செய்தார், அதற்கு அடுத்த நிமிடம் வீட்டில் யார் என்ன செய்தார்கள்.

ஸ்டூலில் இருந்த தண்ணிக் கோப்பையை அம்மா தானே எட்டி எடுத்துக் குடித்தார். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, அதே கோப்பை அதே இடத்தில் இருக்க, "பிள்ளை, தண்ணி" என்று கூப்பிட்டார். உயர்தரம் படிக்கும் பேத்தி ஓடி வந்தாள். தண்ணி கொடுத்தாள், நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள், பக்கத்தில் இருந்து பள்ளிக்கூடக் கதை சொல்லிவிட்டுப் போனாள்.

தானே சேலைத் தலைப்பைச் சரிசெய்தபோது வீடு அமைதி. "ஏலாமக் கிடக்கு" என்றபோது மகள் அடுப்பைக் குறைத்துவிட்டு வந்து காலைத் தடவிவிட்டார். முருங்கை இலை உருவ அம்மா சுளகை இழுத்தபோது உதவிக்கு வரும் பெண் அதை வாங்கிக்கொண்டு, "இருங்கோ அம்மா, நான் செய்யிறன்" என்றார். அவரைக் குறை சொல்ல முடியாது. செய்வதற்குத்தான் அவருக்குச் சம்பளம். அம்மா இலை உருவுவதை மகள் கண்டால் தனக்குப் பேச்சு விழும் என்று அவர் நினைத்தார்.

பின்னேரம் கனடாவிலிருந்து மகன் வீடியோவில் வருவார். "கால் நோகுதா? தலை சுத்துதா? மருந்து போட்டீங்களா?" நோய் இருந்த நாளில் பேச்சு நீண்டது. "இண்டைக்குச் சுகம்" என்ற நாளில், "அப்ப சரி அம்மா, நாளைக்கு எடுக்கிறன்" என்று முடிந்தது. தாயை நேசிக்கிற மகன்தான். ஆனால் சுகமாக இருந்தால் பேச்சு குறையும் என்பதை அந்தத் தொலைபேசி நாள்தோறும் அம்மாவுக்குச் சொல்லிக்கொண்டிருந்தது.

இந்தக் காட்சிக்கு ஆய்வுலகில் பெயர் இருக்கிறது. ஜெர்மனியைச் சேர்ந்த உளவியலாளர் மார்கிரெட் பால்டெஸ் முதியோர் இல்லங்களில் இப்படித்தான் இருந்து பார்த்து வருடக் கணக்காகக் குறித்தார். முதியவர் தானாக ஒன்றைச் செய்தால் சுற்றியிருப்பவர்கள் கண்டுகொள்வதில்லை. முடியாமல் இருந்தால் உடனே ஆள் வருகிறது, தொடுகிறது, பேசுகிறது. சார்ந்திருப்பதை ஆதரிக்கும், தானாகச் செய்வதைப் புறக்கணிக்கும் இந்த ஒழுங்கை அவரும் அவருடைய குழுவினரும் இல்லங்களில் மட்டுமல்ல, வீடுகளிலும் கண்டார்கள். 1996இல் வந்த அவருடைய நூல் முதுமையில் சார்ந்திருத்தலின் பல முகங்களைப் பற்றியது.

அந்த ஆய்வுகளில் என்னை அதிகம் பாதித்த இடம் வேறு. சார்ந்திருப்பது வெறும் இழப்பு இல்லை என்கிறார் பால்டெஸ். முதியவருக்கு அது ஒரு வழி. தனிமையில் இருப்பவருக்கு மனிதர்களைப் பக்கத்தில் வரவைக்கக் கிடைத்த நிச்சயமான வழி. அப்படிப் பார்த்தால் "பிள்ளை, தண்ணி" என்பது நடிப்போ சோம்பலோ இல்லை. இந்த வீட்டில் பேச்சுத்துணைக்கு இருந்த ஒரே கதவை அம்மா தட்டினார்.

முதியோர் சங்கமும் ஜமாலியா ராத்தாவும்

குடும்பம் ஒன்றும் செய்யாமல் இருக்கவில்லை. முதியோர் சங்கக் கூட்டத்துக்கு அம்மாவை ஓட்டோவில் அனுப்பிப் பார்த்தார்கள். ஒருமுறை போய்விட்டு மறுத்துவிட்டார். வயதானால் மனிதர் உலகத்தை விட்டு மெல்ல ஒதுங்குவது இயல்பு என்று 1961இல் கம்மிங், ஹென்றி என்ற ஆய்வாளர்கள் எழுதினார்கள். அந்தக் கருத்தைப் படிக்காதவர்களும் நம் ஊரில் அதை நம்புகிறார்கள். "அம்மாவுக்கு இனி ஆக்களோட பழக விருப்பமில்லை" என்று மகள் சொன்னது அதுதான்.

அமெரிக்க உளவியலாளர் லோரா கார்ஸ்டன்சன் இதை வேறு விதமாக விளக்கினார். முன்னால் இருக்கும் காலம் குறைவு என்று உணர்கிறவர் புது முகங்களைத் தேடுவதில்லை, மனதுக்கு நெருங்கிய சிலரையே தேடுகிறார். அப்படியானால் கேட்க வேண்டியது "ஏன் யாரோடும் பழகுவதில்லை" என்று இல்லை, "யாரோடு பழக விருப்பம்" என்று. கேட்டேன். யோசிக்காமலே பதில் வந்தது: ஜமாலியாவில் இருக்கும் ஒரு ராத்தா, முஸ்லிம் அக்கா. ஒரு காலத்தில் இருவரும் ஒரே கடைத்தெருவில் சாமான் போட்டவர்கள். ஒருவர் இடியப்பம், மற்றவர் பலகாரம். சண்டைக் காலத்தில் தமிழ்ச் சனமும் முஸ்லிம் சனமும் ஒருவரை ஒருவர் பார்த்துப் பயந்த நாட்களிலும் கொடுக்கல் வாங்கலை நிறுத்தாதவர்கள். ராத்தாவுக்கும் முழங்கால் ஏலாது. இருவரும் ஒரே நகரத்தில் இருந்தும் பார்த்து நெடுநாளாகியிருந்தது.

கான், அன்ரனூச்சி என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1980இல் எழுதியபடி, ஒவ்வொருவரும் வாழ்க்கை முழுக்க ஒரு உறவுக் கூட்டத்தோடு பயணம் செய்கிறார், வயதாக அந்தக் கூட்டத்தில் ஆட்கள் குறைகிறார்கள். திருகோணமலையில் அது வயதால் மட்டும் குறையவில்லை. 1990இல் சிதறியவர்கள், கடல் கொண்டுபோனவர்கள், வெளிநாடு போனவர்கள், 2006இல் போரால் சம்பூரிலிருந்து இடம்பெயர்ந்து கிளிவெட்டிப் பக்கத்து முகாம்களில் கிடந்து, 2015க்குப் பிறகே காணிக்குத் திரும்பியவர்கள். இந்த மாவட்டத்தில் ஒரு முதியவரின் தனிமையை மதிப்பிடும்போது இந்தக் கணக்கையும் சேர்க்காமல் விடுவது தவறு என்பது என் உறுதியான கருத்து. மிஞ்சியிருக்கும் ஒருவர், புதிதாக அறிமுகமாகும் இருபது பேருக்கு ஈடாக மாட்டார் என்று நினைப்பவர்கள் இந்த ஊரில் வேலை செய்து பார்க்க வேண்டும்.

மாற்றியவை

முதுமை ஆய்வாளர்களான லோட்டனும் நாஹெமோவும் 1973இல் சொன்ன ஒரு விஷயம் மகளுக்கு நன்றாகப் பிடித்துப்போனது. சுற்றுச்சூழல் ஒருவரிடம் அளவுக்கு மிஞ்சிக் கேட்டாலும் கெடுதி, ஒன்றுமே கேட்காவிட்டாலும் கெடுதி. "கிணத்தடி கூடக் கேட்டுது, விறாந்தை ஒண்டும் கேக்கேல்லை" என்று அவரே சொன்னார். அதை விடச் சுருக்கமாக நான் சொல்லியிருக்க முடியாது.

மகளின் பயத்துக்குப் பதில் சொல்வதிலிருந்துதான் தொடங்கினோம். கிணத்தடியைச் சுரண்டிக் கழுவி, சீமெந்தைச் சொரசொரப்பாக்கி, சுவரில் பிடிப்பதற்கு இரும்புக் குழாய் பொருத்தினார்கள். பிளாஸ்டிக் கதிரை போய், கைப்பிடி உள்ள உயரமான மரக் கதிரை வந்தது. பாத்ரூமில் கொமட் வைத்தார்கள். இவை நடந்த பிறகுதான் மகள் அம்மாவைக் குசினிக்குள் விட ஒத்துக்கொண்டார். உபதேசத்தால் அவர் மாறியிருக்க மாட்டார்.

எந்த வேலையை எடுப்பது என்பதை அம்மாவிடமே விட்டோம். தெரிவு முக்கியம் என்பதற்கு லங்கர், ரொடின் என்ற உளவியலாளர்கள் இருவரும் 1976இல் அமெரிக்க முதியோர் இல்லமொன்றில் செய்த ஆய்வை எல்லோரும் காட்டுவார்கள். சின்னச் சின்ன முடிவுகளைத் தாங்களே எடுக்கவும் ஒரு செடியைத் தாங்களே பராமரிக்கவும் விடப்பட்டவர்கள், எல்லாம் செய்து கொடுக்கப்பட்டவர்களை விடச் சுறுசுறுப்பாக இருந்தார்கள். அதன் தொடர் ஆய்வில் சொல்லப்பட்ட இறப்புக் கணக்கு பிறகு திருத்தப்பட்டு வலுக் குறைந்தது. அதனால் ஆயுள் கூடும் என்று நான் எந்தக் குடும்பத்துக்கும் வாக்குக் கொடுப்பதில்லை. அன்றைய நாள் நன்றாக இருக்கும் என்பதே போதிய காரணம்.

அம்மா கேட்டது இடியப்பம். முறிந்த கையால் உரலை அமுக்க முடியாது. போல் பால்டெஸ், அதாவது மார்கிரெட்டின் கணவர், அவரோடு சேர்ந்து எழுதிய கருத்து இங்கே உதவியது: சிலவற்றைத் தெரிந்தெடுத்து, அவற்றில் கூடக் கவனம் வைத்து, முடியாததற்கு வேறு வழி தேடுவது. மாவுக்குத் தண்ணி அளப்பதும் குழைப்பதும் அம்மா, உரல் பிழிவது பேத்தி, பானையைத் தூக்குவது மகள். குளிக்க உதவி வேண்டும் என்று அம்மா தானே சொன்னார். அதில் போகும் பெலனை மிச்சம் பிடித்தால் குசினியில் நிற்கலாம் என்பது அவருடைய கணக்கு. தானே குளிக்க வேண்டும் என்று நாங்கள் வற்புறுத்தவில்லை. உதவியை எங்கே வாங்குவது என்று அவரே தீர்மானித்தார்.

உதவிக்கு வரும் பெண்ணிடம் மகள் நேரடியாகப் பேசினார்: அம்மா வேலை செய்தால் உங்களுக்குக் குறை இல்லை, பக்கத்தில் இருந்து கதையுங்கோ. பேத்தி, அம்மம்மா கூப்பிடாத நேரத்திலும் போய் இருக்கத் தொடங்கினாள். மகனிடம் கேட்டுக்கொண்டது ஒன்றுதான், நோயைக் கேட்பதற்கு முன்னால் வேறொன்றைக் கேளுங்கள். சொந்தத்தில் ஒரு கலியாணம் வந்தது நல்லதாய்ப் போனது. யாருக்குச் சொல்ல வேணும், யாரை விட்டால் கோவிப்பினம், யார் யாருக்கு என்ன முறை என்பதெல்லாம் அம்மாவுக்குத்தான் தெரியும். சில நாள் தொலைபேசியை மகன்தான் வைக்க மனமில்லாமல் இருந்தார்.

ராத்தாவை அவருடைய பேரன் ஓட்டோவில் கூட்டி வந்தார். அவருக்கு இடியப்பம் கொடுக்க வேண்டும் என்று அன்று அம்மா விடியவே எழும்பியிருந்தார்.

மாறியதும் மாறாததும்

இப்போது எழும்புவதற்குக் கை கொடுக்கத் தேவையில்லை. தடியோடு கேற் வரை போகிறார், வெள்ளிக்கிழமைகளில் மகளோடு பத்திரகாளி அம்மன் கோயிலுக்கும். நித்திரை பரவாயில்லை. நடை வேகம் கூடியிருக்கிறது, ஆனால் எழும்பி நடந்து வரும் சோதனையில் இன்னும் 12 விநாடிக்குள் வரவில்லை. மாத்திரை மாறியது, கதிரை மாறியது, வீட்டாரின் பழக்கம் மாறியது. எது எவ்வளவு செய்தது என்று ஒரு வீட்டை மட்டும் வைத்துப் பிரித்துச் சொல்ல முடியாது. முதியோர் இல்லப் பணியாளர்களுக்குப் பயிற்சி கொடுத்து அவர்களின் நடத்தையை மாற்றியபோது முதியவர்கள் தாமாகச் செய்வது கூடியதாக 1994இல் மார்கிரெட் பால்டெஸ் குழு காட்டியது. இங்கு நடந்தது அதோடு ஒத்துப்போகிறது.

முதியோர் சங்கத்துக்கு அவர் இன்னும் போவதில்லை. மகளின் பயமும் போய்விடவில்லை. அம்மா கிணத்தடிப் பக்கம் திரும்பினால் அவர் கை தானாக நீள்கிறது. சில நாள் பிடிக்கிறார், சில நாள் அடக்கிக்கொள்கிறார். இது லேசான வேலை இல்லை.

இலங்கையில் 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் பெற்றோரைப் பிள்ளைகள் வேண்டுமென்று கைவிடக் கூடாது என்கிறது. பராமரிப்புக் கேட்டு முறையிட ஒரு சபையும் இருக்கிறது. கைவிடப்பட்டவர்களுக்கு அது அவசியம். ஆனால் இந்த அம்மா கைவிடப்பட்டவர் இல்லை. இவரைப் போன்றவர்கள் எந்த முறைப்பாட்டுப் புத்தகத்திலும் வர மாட்டார்கள். வீட்டுக்குப் போகும் சமூக சேவை உத்தியோகத்தரும் சுகாதார ஊழியரும் "நல்லாப் பாக்கினமா" என்று கேட்டு, "ஓம்" என்றதும் அடுத்த வீட்டுக்குப் போய்விடக் கூடாது. "இன்றைக்கு நீங்கள் என்ன செய்தீர்கள் அம்மா" என்றும் கேட்க வேண்டும்.

அடுத்ததாகக் கண் சத்திரசிகிச்சை வருகிறது. பழைய தடைகள் திரும்பி வர அது நல்ல வாய்ப்பு. அதனால் இப்போதே மகளும் அம்மாவும் இருந்து எழுதி வைத்திருக்கிறார்கள்: குனியக் கூடாது, பாரம் தூக்கக் கூடாது என்று வைத்தியர் சொல்லும் நாட்கள் எத்தனை, எந்தத் தேதியில் அம்மா திரும்பவும் மாக் குழைப்பார், அதுவரை கதிரையில் இருந்தபடி அவர் செய்யக்கூடியது எது. தேதியைக் கண் வைத்தியரிடம் கேட்டு நிரப்ப வேண்டும். அந்தத் தாள் கிளினிக் கொப்பிக்குள் இருக்கிறது.